உறைந்த கோழியை ஐஸ் விட வைப்பது முதல் அடுப்பேற்றுவது வரை: முழுமையான வழிகாட்டி

மாலை 6 மணி. ஃப்ரீசரைத் திறந்து கோழியை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தால் செங்கல்லை வைத்த மாதிரி 'டொக்' என்று ஒரு சத்தம். 8 மணிக்கு எல்லோரும் சாப்பிட வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். நானும் பல வருடம் செய்திருக்கிறேன்: ஒரு தட்டில் போட்டு மேடையிலேயே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

ஒருநாள் அப்படி விட்டு, மூன்று மணி நேரம் கழித்து வந்து தொட்டுப் பார்த்தேன். நெஞ்சுப் பகுதியில் விரல் மெத்தென்று உள்ளே போனது. சரி, தயார் என்று நினைத்து வயிற்றுக்குள் கையை விட்டால் ஐஸ் சில்லுகள் குத்துகின்றன. வெளித்தோல் அறைச் சூட்டுக்கே வந்துவிட்டது. தட்டு நிரம்பி வழிந்த இளஞ்சிவப்புத் தண்ணீர், மேடை ஓரமாக ஓடி, நறுக்கி வைத்திருந்த பழக்கிண்ணத்தின் அடியில் தேங்கி நிற்கிறது.

அந்தத் தட்டில் இரண்டு வேறு ஆபத்துகள் இருந்தன. ஒன்று, சூடேறிய வெளிப்பக்கம். இன்னொன்று, ஓடிய தண்ணீர். கீழே வரும் எல்லா விதிகளும் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றுக்காக வந்தவைதான். எந்த விதி எதற்கு என்று தெரிந்துவிட்டால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஏன் வெளியே வைத்தால் ஆகாது

ஐஸ் உருகுவதற்கு நாம் நினைப்பதைவிட மிக அதிக வெப்பம் வேண்டும். ஒரு கிலோ ஐஸை வெறுமனே தண்ணீராக்கத் தேவைப்படும் வெப்பத்தை வைத்து, அதே தண்ணீரை 0 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம் (இங்கே எல்லாமே செல்சியஸ் கணக்கு). அது மட்டுமல்ல, ஐஸ் வெப்பத்தைக் கடத்தும் வேகம் தண்ணீரைப்போல் சுமார் நான்கு மடங்கு. அதனால் வெளிப்பக்கம் இளகியதும் அந்த இளகிய சதையே ஒரு போர்வைபோல் உள்ளே வெப்பம் போகவிடாமல் தடுக்கிறது. கோழி உறைய எடுக்கும் நேரத்தைவிட இளக எடுக்கும் நேரம் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் ஐஸ் கரையக் காத்திருக்கும் அத்தனை மணி நேரமும் வெளித்தோல் சூடேறிக்கொண்டே இருக்கும்.

சால்மொனெல்லா கிருமிக்கு அதுதான் வேண்டும். (சால்மன் மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயர் அது. 1885இல் இதைக் கண்டறிந்தது அவரிடம் வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித். பெயர் மட்டும் மேலதிகாரிக்குப் போய்விட்டது.) 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டை உணவுப் பாதுகாப்பில் ஆபத்து மண்டலம் என்பார்கள். அதற்குள் சூழல் தோதாக அமைந்தால் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 100 கிருமி இரண்டு மணி நேரத்தில் 6,400. மூன்று மணி நேரத்தில் 51,200. ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்வதாக நினைக்க வேண்டாம். தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். சூடு வந்ததும் அவை எழுந்துவிடும்.

கோழியில் இருக்கும் இன்னொரு கிருமியான கேம்பிலோபேக்டர் வேறு ரகம். 30 டிகிரிக்குக் கீழே அது பெருகாது. பறவையின் உடல் சூடான 42 டிகிரிதான் அதற்குச் சுகம். அதனால் மேடையில் கிடக்கும் கோழியில் அதன் எண்ணிக்கை கூடாது. ஆனால் கூட வேண்டிய அவசியமே அதற்கில்லை. சில நூறு கிருமிகள் உள்ளே போனாலே போதும், ஆளைப் படுக்க வைத்துவிடும். ஒரு சொட்டுக் கோழித் தண்ணீரில் அது இருக்கலாம். ஆகவே குளிர் விதிகள் சால்மொனெல்லாவுக்கு. ஒழுகல், தெறிப்பு பற்றிய விதிகள் முக்கியமாக கேம்பிலோபேக்டருக்கு.

இன்னொரு விஷயம். சால்மொனெல்லா தாக்கினால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வர 6 மணி நேரமும் ஆகலாம், 6 நாளும் ஆகலாம். கேம்பிலோபேக்டருக்கு 2 முதல் 5 நாள். ஞாயிறு சமைத்த கோழியின் பலன் புதன்கிழமை தெரியும்போது, பழி செவ்வாய்க்கிழமை வெளியே சாப்பிட்ட சாப்பாட்டின் மீது விழுகிறது. "நான் எப்பவும் வெளியேதான் வைப்பேன், ஒன்றும் ஆனதில்லை" என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுதான் காரணம்.

முதல் படி: ஃப்ரீசருக்குள் போகும்போதே

ஐஸ் விடும் வேலை உண்மையில் உறைய வைக்கும் நாளிலேயே தொடங்குகிறது. இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். பொட்டலத்தின் தடிமன் இரண்டு மடங்கானால் இளகும் நேரமும் இரண்டு மடங்காகும் என்றுதான் தோன்றும். அப்படியில்லை, நான்கு மடங்கு வரைகூட ஆகலாம். ஒரு கிலோ துண்டுகளை உருண்டையாகக் கட்டி ஃப்ரீசரில் எறிந்தால் அது பீரங்கிக் குண்டு. அதையே ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, இரண்டு விரல் தடிமனுக்குத் தட்டையாகப் பரப்பி, ஒரு தட்டின் மேல் படுக்க வைத்து உறைய விடுங்கள். உறைந்தபின் புத்தகம்போல் நிறுத்தி அடுக்கிக்கொள்ளலாம். ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்துவிட்டால், தேவைக்கு மேல் எடுத்து மீண்டும் உறைய வைக்கலாமா என்ற தலைவலியும் வராது. பையின் மேல் தேதி எழுதுங்கள். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் துண்டுகள் 9 மாதம், முழுக் கோழி ஒரு வருடம் வரை ருசி கெடாமல் இருக்கும்.

இரண்டாம் படி: ஐஸ் விட வைக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது

பாதுகாப்பான வழிகள் மூன்றுதான்: ஃப்ரிட்ஜ், குளிர்ந்த தண்ணீர், மைக்ரோவேவ். நான்காவதாக, இளக்காமல் அப்படியே சமைப்பது. கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

*ஃப்ரிட்ஜ்.* நேரம் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கதவுக்கருகில் உள்ள திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். சுமார் 2 கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு. ஒரு கிலோ துண்டுகளுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும். 2 கிலோ முழுக் கோழிக்கு ஒன்றிலிருந்து இரண்டு நாள். 6 கிலோ வான்கோழி என்றால் மூன்று நாள். உள்ளே பொருள் நெருக்கி அடைத்திருந்தால் இன்னும் இழுக்கும்.

வைக்கும் இடம் முக்கியம்: எப்போதும் கீழ்த்தட்டு. பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டிலோ பாத்திரத்திலோ வைத்துத்தான் உள்ளே வையுங்கள். தட்டையான தட்டு போதாது. ஒரு முழுக் கோழி விடும் தண்ணீரை முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அது வழிந்து கீழே காய்கறிப் பெட்டிக்குள் இறங்கிவிட்டால், பச்சையாகச் சாப்பிடப் போகும் கீரையும் பழமும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

ஃப்ரிட்ஜில் இளகிய கோழியை உடனே சமைத்தாக வேண்டும் என்பதில்லை. இளகிய பிறகும் ஓரிரு நாள் தாங்கும். மற்ற இரண்டு வழிகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

*குளிர்ந்த தண்ணீர்.* மறந்துபோனவர்களுக்கான வழி. காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தைச் சுமார் 25 மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியான தண்ணீரிலேயே கோழி வேகமாக இளகிவிடும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் செய்து பார்த்தால் தெரியும்.

1. கோழியை ஒழுகாத பையில் போட்டு மூடுங்கள். சந்தேகமிருந்தால் இன்னொரு பை. தண்ணீர் உள்ளே புகுந்தால் சதை சொதசொதவென்று ஆகும். கிருமியும் வெளியே வரும்.
2. பை முழுவதும் மூழ்கும் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி உள்ளே அமிழ்த்துங்கள். மிதந்தால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.
3. 30 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மொபைலில் அலாரம் வைக்காமல் இதை ஒழுங்காகச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை.
4. அரை கிலோ பொட்டலத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒன்றரை, இரண்டு கிலோ முழுக் கோழிக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம்.
5. இளகியதும் சமைத்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது.

வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும் வீடுகளில் மேலே 2ஆம் எண்ணில் உள்ள 'குளிர்ந்த தண்ணீர்' என்பதைக் கவனமாகப் படியுங்கள். உணவகங்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பு, ஓடும் தண்ணீரில் இளக்கும்போது தண்ணீர் 21 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. கையை விட்டால் 'சில்' என்று இல்லையா? ஒரு தட்டு ஐஸ் கட்டிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் ஆகுமே என்றால், ஆகும். மேடையில் மூன்று மணி நேரத்தில் நடக்கும் கேடும் சீக்கிரமே நடந்துவிடும்.

*மைக்ரோவேவ்.* எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத வழி. டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தி, எடையைக் கொடுத்து, பாதியில் நிறுத்தித் திருப்பிப் போட வேண்டும்; ஒட்டியிருக்கும் துண்டுகளை அப்போதே பிரித்துவிட வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓரங்கள் வெந்து வெள்ளையாகும், நடுப்பகுதி கல்லாக இருக்கும். வெந்த அந்த ஓரங்கள் ஆபத்து மண்டலத்துக்குள் நுழைந்துவிட்டதால் நேராக அடுப்புக்குத்தான் போக வேண்டும். கடையிலிருந்து வந்த தெர்மோகோல் தட்டோடு உள்ளே வைக்காதீர்கள்.

*இளக்காமலே சமைப்பது.* தாராளமாகச் செய்யலாம். குழம்பு, சூப், ஓவனில் சுடுவது எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். வழக்கமான நேரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடுக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விலக்குகள் மட்டும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் உறைந்த கோழியைப் போடக்கூடாது. ஆபத்து மண்டலத்தைத் தாண்டவே அதற்கு வெகுநேரம் ஆகும். கொதிக்கும் எண்ணெயிலும் போடவே கூடாது. ஐஸ் நொடியில் ஆவியாகி எண்ணெயைச் சீறி எழ வைக்கும், தீப்பிடிக்கவும் கூடும்.

மூன்றாம் படி: பையைப் பிரிக்கும் முன்

குளிர் பற்றிய பேச்சு இங்கே முடிகிறது. இனி ஒழுகல்.

பையை வெட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். சிங்க் ஓரத்தில் காயும் தட்டு, டம்ளர்களை எடுத்து உள்ளே வையுங்கள். பச்சையாகச் சாப்பிடும் காய்களை முதலிலேயே நறுக்கி மூடி ஒதுக்கிவிடுங்கள். குப்பைத் தொட்டி மூடியைத் திறந்து வையுங்கள். அப்புறம், உப்பும் மசாலாவும் எவ்வளவு தேவையோ அதை ஒரு கிண்ணத்தில் அளந்து எடுத்துவிடுங்கள். கையெல்லாம் கோழியாக இருக்கும்போதுதான் உப்பு டப்பாவின் ஞாபகம் வரும். இரண்டு விரலால் மூடியைத் திருகுவோம். கையைப் பிறகு கழுவிவிடுவோம், மூடியைக் கழுவ மாட்டோம். அமெரிக்காவில் சமைப்பவர்களைக் கூர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், இறைச்சியிலிருந்து மற்ற இடங்களுக்குப் பரவுவது மிக அதிகமாகத் தென்பட்டது மசாலா டப்பாக்களில்தான்.

பொட்டலத்தை விளிம்புள்ள தட்டில் வைத்து, ஒரு மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி, தண்ணீரைச் சிங்க்கின் துளைக்குப் பக்கத்தில் மெதுவாகச் சாய்த்து வடியுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் தெறிக்கும். அந்தச் சிவப்பு நீர் பெரும்பாலும் ரத்தம் இல்லை. சதைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர். கடைத் தட்டின் அடியில் பஞ்சு மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருக்கும், அதைச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். முழுக் கோழி என்றால் வயிற்றுக்குள் கை விட்டுப் பாருங்கள்: ஈரல், கழுத்து எல்லாம் ஒரு சின்னப் பையில் உள்ளே இருக்கக்கூடும். கத்தரிக்கோலையும் மறக்காமல் கழுவும் பாத்திரங்களோடு சேருங்கள்.

நான்காம் படி: கழுவாமல் இருப்பது

சண்டை வரும் இடம் இது. பச்சைக் கோழியைக் கழுவக் கூடாது. குழாய்த் தண்ணீர் கோழி மேல் பட்டுச் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் சிங்க், குழாய்ப்பிடி, பக்கத்துப் பாத்திரம், உங்கள் சட்டை எல்லாவற்றிலும் போய் விழும். எலுமிச்சை, வினிகர், உப்புத் தண்ணீர் எதுவும் கிருமியைத் தீர்த்துவிடாது. தீர்ப்பது சூடு மட்டுமே. பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் 2014இல் இதற்கென்றே ஒரு பிரசாரம் நடத்தியது.

2019இல் அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மறக்காது. கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதத்தினரின் சிங்க்கில் கோழியின் பாக்டீரியா இருந்தது. அதைச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதத்தினரின் சிங்க்கில் மிச்சம் இருந்தது. 26 சதவீதத்தினரின் சாலட் இலைகளுக்கே அது போய்ச் சேர்ந்திருந்தது. அவர்கள் யாரும் அழுக்கானவர்கள் இல்லை. சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் கழுவினார்கள்.

எலும்புத் துகளோ இறகோ ஒட்டியிருந்தால் ஈரமான டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து அப்படியே தொட்டியில் போடுங்கள். ஈரத்தைத் துடைத்த கோழி வாணலியில் நன்றாகச் சிவக்கும் என்பது உபரி லாபம். என்ன சொன்னாலும் மனசு கேட்கவில்லை, கழுவித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், குழாயைத் திறந்துவிடாமல், காலி சிங்க்குக்குள் ஒரு ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் கோழியை மெதுவாக அமிழ்த்தி எடுங்கள். தண்ணீரைத் துளையருகே தாழ்வாகச் சாய்த்து ஊற்றிவிட்டு, மற்ற எதையும் தொடுவதற்கு முன் சிங்க்கைத் தேய்த்துக் கழுவுங்கள். நல்ல வழி என்று சொல்ல மாட்டேன், சேதம் குறைவு.

வெட்டுப்பலகை மரமா பிளாஸ்டிக்கா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. கோழிக்குத் தனியாக ஒன்று இருந்தால் நல்லது. ஒன்றே ஒன்றுதான் என்றால் காய் முதலில், கோழி கடைசியில். கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி, நகக்கண்வரை தேயுங்கள். குழாயை முழங்கையால் திறங்கள். முடியாவிட்டால் கையோடு சேர்த்துக் குழாய்ப்பிடிக்கும் சோப்புப் போடுங்கள்.

மசாலா தடவி ஊற வைப்பது மூடிய பாத்திரத்தில், ஃப்ரிட்ஜுக்குள்தான். ஊறிய மசாலாவை வெந்த கோழி மேல் ஊற்ற வேண்டுமானால் ஒன்று அதைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள், அல்லது கோழி படுமுன்பே கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள்.

ஐந்தாம் படி: வெந்துவிட்டதா?

நிறத்தை நம்ப வேண்டாம். உறைந்து இளகிய இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசிந்து, நன்றாக வெந்தபிறகும் எலும்பைச் சுற்றிக் கருஞ்சிவப்பாகத் தெரியும். மறுபக்கம், வெள்ளையாகத் தெரிந்தும் உள்ளே போதிய சூடு ஏறாத கோழியும் உண்டு. சமையல் தெர்மாமீட்டர்தான் சாட்சி. தொடையின் மிகத் தடித்த இடத்திலும் நெஞ்சின் தடித்த இடத்திலும், எலும்பில் படாமல் குத்துங்கள். எலும்பு தொட்டால் அளவு தவறும். எல்லா இடத்திலும் 74 டிகிரி காட்ட வேண்டும். பிரிட்டனில் 70 டிகிரியில் 2 நிமிடம் என்பார்கள். குறைந்த சூட்டை அதிக நேரம் பிடித்து வைத்து அதே பலனைப் பெறுவது அது. தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்க, ஐஸ் நிறைந்த தண்ணீரில் நனைத்தால் 0 காட்ட வேண்டும்.

பச்சையாக இருந்தபோது கிளறிய கரண்டியை வெந்தபின் மாற்றுங்கள். பச்சைக் கோழி இருந்த தட்டிலேயே வறுத்த கோழியை எடுத்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சுத்தம் செய்வது

முதலில் சோப்பும் வெந்நீரும். கொழுப்பு போனபிறகுதான் கிருமிநாசினி வேலை செய்யும். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனையில்லாத குளோரின் பிளீச் கலந்து, சிங்க்கிலும் மேடையிலும் பலகையிலும் தடவிச் சில நிமிடம் விட்டு, காற்றில் காய விடுங்கள். பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். சிந்திய கோழித் தண்ணீரைத் துடைக்க ஸ்பாஞ்ச் வேண்டாம். டிஷ்யூ பேப்பரால் துடைத்துத் தூக்கிப் போடுங்கள். ஸ்பாஞ்சில் ஏறினால் அடுத்த வேளை டம்ளரைக் கழுவுவதும் அதே ஸ்பாஞ்சுதான்.

மீண்டும் உறைய வைக்கலாமா, மோந்து பார்த்தால் போதாதா

ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகிய கோழி, விருந்தாளி வரவில்லை, சமைக்கவில்லை என்றால் அந்த ஓரிரு நாளுக்குள் அப்படியே மீண்டும் ஃப்ரீசரில் வைக்கலாம். ருசி கொஞ்சம் குறையும். ஐஸ் கட்டிகள் சதையைக் கிழிப்பதால் சாறு போய்விடும். பாதுகாப்புக்குக் குறைவில்லை. தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கியது என்றால் சமைத்தபின்தான் உறைய வைக்கலாம். மின்சாரம் போய் ஃப்ரீசர் நின்றுவிட்டதா? கோழியில் ஐஸ் துகள் மிச்சம் இருந்தால், அல்லது அது 4 டிகிரியைத் தாண்டவில்லை என்றால், திரும்ப உறைய வைக்கலாம்.

இரவு வெளியே வைத்து மறந்துவிட்ட கோழியைக் காலையில் மோந்து பார்ப்பதில் பயனில்லை. நாற்றம் தருவது கெட வைக்கும் கிருமிகள். நோய் தருபவை மணமே இல்லாமல் இருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. கணக்கு இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெக்கையில் ஒரு மணி நேரம். அதைத் தாண்டியது எதுவானாலும் குப்பைத் தொட்டிக்கு. சமைத்து மிஞ்சியதற்கும் இதே கணக்குதான். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் ஆறவே வெகுநேரம் ஆகும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்து, 3, 4 நாளுக்குள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.